பதினோராவது அவதாரம்

ஒரு மொழியில் விலை பேசக் கற்றுக்கொள்ள ஒரு மாதம் போதும். அந்த மொழியில் சிரிக்கக் கற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆகும். கன்னட நாட்டில் படிக்க வந்த தமிழ் மாணவர் யாரும் இதை மறுக்கமாட்டார். கடைவீதிக் கன்னடம் விரைவில் நாவில் ஏறிவிடுகிறது. ஆனால் நான்கு பேர் கூடிச் சிரிக்கும்போது நாம் மட்டும் அசட்டுப் புன்னகையோடு நிற்கிறோம். அந்தக் குறையைப் போக்க விரும்பும் அன்பர்களுக்கு ஒரு நல்ல ஆசிரியர் இருக்கிறார். அவர்தாம் மாஸ்டர் ஹிரண்ணய்யா.

1934ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் மைசூரில் பிறந்தவர். இயற்பெயர் நரசிம்மமூர்த்தி. தந்தை கே. ஹிரண்ணய்யா பெயர்பெற்ற நாடகக்காரர். 'ஹிரண்ணய்யா மித்ர மண்டலி' என்ற நாடகக் குழுவை நடத்தியவர். வயலின் மேதை சௌடையா தயாரித்த 'வாணி' (1943) என்ற கன்னடப் படத்தை இயக்கியவரும் அவரே. மகன் இளமையில் சிலகாலம் சென்னையில் வளர்ந்து தமிழும் கற்றார். பின்னர் மைசூரில், வீடு வீடாகச் செய்தித்தாள் போட்டுக் கல்லூரிச் சம்பளம் கட்டினார். படிப்பு இன்டர்மீடியட்டோடு நின்றது. 1953இல் தந்தை காலமானார். பத்தொன்பது வயதில் ஒரு நாடகக் குழுவின் பாரம் அவர் தலைமேல் விழுந்தது. சிறுவர் நடிகர்களின் பெயருக்கு முன்னால் போடும் 'மாஸ்டர்' என்ற சொல், எண்பது வயதிலும் அவரை விட்டு நீங்கவில்லை.

அவருக்கு அழியாப் புகழ் தந்த நாடகம் 'லஞ்சாவதாரா'. 1959இல் மேடையேறியது, பத்தாயிரம் முறைக்கு மேல் நடந்ததாகக் கணக்குச் சொல்கிறார்கள். பெயருக்குப் பொருள் கூறத் தேவையே இல்லை. லஞ்சம் என்பது இரு மொழிக்கும் பொதுச்சொல்; இரு நாட்டுக்கும் பொதுநோய். திருமால் எடுத்தவை பத்து அவதாரங்கள். பதினோராவது அவதாரம் மேசைக்கு அடியில் கையை நீட்டுகிறது! அவருடைய மற்ற நாடகப் பெயர்களும் நமக்கு அந்நியமல்ல. 'நடுபீதி நாராயணா' என்பதில் வரும் பீதி நம் வீதிதான். 'கபிமுஷ்டி' என்பது நம் குரங்குப் பிடி.

அவர் நாடகம் நடத்திய முறை கவனிக்கத்தக்கது. கதை என்பது ஒரு கொடிக்கயிறு மட்டுமே. அதில் அன்றன்றைய செய்தியைக் காயப்போடுவார். காலைப் பத்திரிகையில் வந்த அமைச்சர் பேச்சு, நாடகம் நடக்கும் ஊரிலுள்ள குண்டும் குழியுமான சாலை எல்லாம் இரவு வசனத்தில் வந்து விழும். நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்யும் வேலைதான் இது. அரசன் கதையைச் சொல்லிக்கொண்டே ஊர் நாட்டாமையின் காதைத் திருகுவான் அல்லவா?

இங்கிலாந்தில் 1980இல் பி.பி.சி. தொலைக்காட்சி 'எஸ் மினிஸ்டர்' என்ற நகைச்சுவைத் தொடரைத் தொடங்கியது. அமைச்சராக நடித்தவர் பால் எடிங்டன். அமைச்சரை அவருடைய செயலாளர் எப்படிப் பொம்மையாக ஆட்டுகிறார் என்பதே கதை. அருமையான தொடர்தான். ஆனால் அதன் ஒவ்வொரு சொல்லும் முன்கூட்டியே எழுதப்பட்டது. இன்று பார்த்தாலும் அதே சிரிப்புத்தான் வரும். ஹிரண்ணய்யா பிற்காலத்தில் திரைப்படங்களிலும் சின்னத்திரையிலும் தோன்றினார். என்றாலும் அவருடைய அரசு மேடையில்தான் நடந்தது. அங்கே நேற்றைய நாடகம் இன்று கிடையாது.

இத்தகைய சிரிப்பைக் கண்டு ஆட்சியாளர்கள் அஞ்சியது இயல்பே. நாடகங்களை அடக்க வெள்ளையர் 1876இல் கொண்டுவந்த சட்டம், நாடு விடுதலை பெற்ற பிறகும் ஏட்டில் இருந்து, 2018இல்தான் ஒழிந்தது. சென்னை மாகாணம் 1954இல் தனியாக ஒரு நாடகச் சட்டம் செய்தது. அது நடிகவேள் எம். ஆர். ராதாவை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது என்பது பரவலான பேச்சு. அதன் முக்கியப் பிரிவுகளை 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாதவை என்றது. ஹிரண்ணய்யாவும் அரசியல்வாதிகளின் சினத்தை நிரம்பச் சம்பாதித்தார், பேச்சைக் குறைத்துக்கொள்ளவில்லை.

இங்கே ஒரு கேள்வி எழும். பத்தாயிரம் இரவுகள் மக்கள் சிரித்தார்கள், லஞ்சம் ஒழிந்ததா? குக்கரில் ஆவி மிகுந்தால் விசில் அடிக்கும்; பிறகு குக்கர் அமைதியாக வேகும். இந்தச் சிரிப்பும் அந்த விசில்தானோ? நம் ஆத்திரத்தை வெளியேற்றிவிட்டு, மறுநாள் ஒழுங்காக லஞ்சம் கொடுக்க நம்மைப் பக்குவப்படுத்துகிறதோ?

அப்படி நான் நினைக்கவில்லை. லஞ்சம் வாழ்வது தனிமையில். கொடுப்பவன் ஒவ்வொருவனும் தான் ஒருவனே அகப்பட்டுக்கொண்டதாக எண்ணி வெட்கப்படுகிறான், வாயைத் திறப்பதில்லை. வெளியூர்க்காரனுக்கும் மொழி தெரியாதவனுக்கும் அந்தத் தனிமை இரு மடங்கு. நாடகக் கொட்டகையில் ஆயிரம் பேர் ஒரே இடத்தில் சிரிக்கும்போது, பக்கத்து நாற்காலிக்காரனும் கொடுத்தவன்தான் என்பது தெரிந்துவிடுகிறது. வெட்கம் கொடுத்தவனை விட்டு வாங்கியவனிடம் போய்ச் சேருகிறது.

இதற்கு நஞ்சன்கூட்டிலேயே ஒரு சான்று கண்டேன். ஓர் அலுவலகத்தில் சான்றிதழ் ஒன்றுக்காக மூன்று நாள் நடந்தேன். காகிதத்தில் குறை ஒன்றுமில்லை, ஆனாலும் நகரவில்லை. மூன்றாம் நாள் வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெரியவர், "லஞ்சாவதாரா நோடித்தீரா, சுவாமி?" என்று குமாஸ்தாவைப் பார்த்து உரக்கக் கேட்டார். நாடகம் பார்த்திருக்கிறீர்களா என்ற சாதாரணக் கேள்விதான். வரிசை முழுவதும் சிரித்தது; நானும் சிரித்தேன். குமாஸ்தா தலை நிமிரவில்லை. மாலைக்குள் என் சான்றிதழும் கையெழுத்தாகிவிட்டது, பெரியவருடையதும் ஆகிவிட்டது.

ஹிரண்ணய்யா 2019ஆம் ஆண்டு மே 2ஆம் நாள், தம் 85ஆம் வயதில் பெங்களூரில் மறைந்தார். மகன் பாபு ஹிரண்ணய்யாவும் நடிகரே. அந்த நாடகம் இன்னும் பழசாகவில்லை என்பது கலைஞருக்குப் பெருமை, நமக்குப் பெருமையா? நம்மில் பலர் நாளை அரசுப் பணியில் அமரப்போகிறவர்கள். மேசையின் அந்தப் பக்கம் உட்காரும்போது இந்த நாடகத்தை நினைத்துக்கொள்வோம். ஒரு நாள் நம் பேரப்பிள்ளைகள் 'லஞ்சாவதாரா'வைப் பார்த்துவிட்டு, "இதில் சிரிக்க என்ன இருக்கிறது?" என்று புரியாமல் கேட்கவேண்டும். ஹிரண்ணய்யாவுக்கு அதைவிடச் சிறந்த நினைவுச்சின்னம் வேறில்லை.