மதிலுக்கு வெளியே யார்?

செஞ்சாவு! பெயரைக் கேட்டதுமே மயிர்க்கூச்செறிகிறதா, தோழர்களே? எறியட்டும். அதற்காகவே எழுதினார் எட்கர் ஆலன் போ. 1842 மே மாதம், பிலடெல்பியாவின் 'கிரகாம்ஸ்' ஏட்டிலே வெளிவந்த கதை அது. ஆண்டுக்கு 800 டாலர் சம்பளத்துக்கு அந்த ஏட்டிலேயே ஆசிரியர் வேலை பார்த்தவர் அவர். அவ்வாண்டு சனவரியில்தான் அவருடைய இளம் மனைவி வர்ஜீனியா, பாடிக்கொண்டிருக்கையிலே இரத்தம் கக்கினார். காசநோய்! குருதியின் நிறத்தைக் கண்ட கண்கள் எழுதிய கதை.

நாட்டிலே கொள்ளைநோய். அரைமணி நேரத்தில் ஆள் முடிந்துபோகிறான். குடிமக்களில் பாதிப்பேர் மாண்டார்கள். கோமகன் பிராஸ்பெரோ என்ன செய்தான்? மருந்து கொடுத்தானா? மக்களைத் தேற்றினானா? இல்லை! ஆயிரம் சீமான் சீமாட்டிகளைத் திரட்டிக்கொண்டு கோட்டை போன்ற மடத்துக்குள் புகுந்தான். உலையும் சம்மட்டியும் கொண்டு கதவின் தாழ்களைப் பற்றவைத்தார்கள். உள்ளே மதுவும் மங்கையரும் இசையும், வெளியே மரணம். ஐந்தாறு மாதம் கழிந்தது. முகமூடிக் கூத்து நடக்கிறது. நள்ளிரவு மணி அடிக்கையிலே, பிணக்கோலத்தில் வந்து நிற்கிறது, அழையாத விருந்தாளி!

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் இக்கதை பாடம். ஏழு அறை, ஏழு நிறம். கிழக்கே நீலம் பிறப்பு, மேற்கே கறுப்பு இறப்பு. கருங்காலிக் கடிகாரம் காலம் என்று பிள்ளைகள் எழுதி மதிப்பெண் வாங்குகிறார்கள். தவறென்று நாம் சொல்லவில்லை. ஆனால் அதோடு மணி அடித்துவிடுகிறதே, அதுதான் நம் வருத்தம்!

கதையை ஒரே அமர்வில் படிக்கவேண்டும் என்று அதே மே மாத ஏட்டில் போ எழுதினார், ஹாதார்னின் கதைகளுக்கு மதிப்புரை தந்தபோது. ஆகவே முதலில் உரக்கப் படியுங்கள், இடையில் நிறுத்தாமல். இருபது நிமிடம் போதும். பிள்ளைகள் அஞ்சட்டும். அஞ்சியபின் கேளுங்கள்: அந்த மடத்திலே ஆறு மாதம் சமைத்தவன் யார்? கோமாளிகளைச் சொன்ன கதை, நடனமாதரைச் சொன்ன கதை, சமையற்காரனைப்பற்றி மூச்சுவிடவில்லையே! சரி, தாழ்களைப் பற்றவைத்தது யார்? கொல்லனல்ல, அரசவைச் சீமான்களே! நாட்டைக் காக்கத் தூக்காத சம்மட்டியை, நாட்டை வெளியே நிறுத்தத் தூக்கினார்கள்!

போ நம்மைப்போல் கொடி பிடித்தவரல்லர். அறிவுரை புகட்டும் இலக்கியமே அவருக்கு ஆகாது. ஆகாவிட்டால் என்ன? மதிலை எழுப்பிக் காட்டினார் அல்லவா? அதற்கு அப்பால் எட்டிப் பார்ப்பது மாணவன் பாடு.

2020-இல் கொரோனா வந்தது. அமெரிக்கப் பள்ளிகள் பூட்டப்பட்டன. வசதியுள்ளோர் வீட்டிலிருந்தே வேலை பார்த்தனர். அந்த ஏப்ரலில், இறைச்சி ஆலைகளிலே தோளோடு தோள் உரச நின்று கத்தி பிடித்த தொழிலாளரிடையே நோய் பரவிற்று. ஆலைகள் மூடக்கூடாதென்று குடியரசுத் தலைவரின் ஆணையும் பிறந்தது. அப்படியொரு தொழிலாளியின் மகன் வகுப்பில் இருந்தால், சமையற்காரனைப்பற்றிய கேள்விக்கு முதலில் கை தூக்குபவன் அவனாகத்தான் இருப்பான்.