ஓநாய் நாய்: வீரமா, வெருட்சியா?

ஓநாய் இரத்தம் கலந்த நாய் என்றதும் எதற்கும் அஞ்சாத காவல் நாயே பலரது மனக்கண்ணில் தோன்றுகின்றது. உண்மை இதற்கு நேர்மாறானது.

நெதர்லாந்தைச் சேர்ந்த லீன்டெர்ட் சார்லோஸ் என்பவர் 1930களில் ஜேர்மன் செப்பர்ட் ஆண் நாயொன்றைப் பெண் ஓநாயுடன் இணைத்தார். வீட்டு நாய் தன் இயல்பை இழந்து நலிந்துவிட்டது, ஓநாயின் இரத்தம் சேர்ந்தால் உறுதியான வேலை நாய் கிடைக்கும் என்பது அவரது கணக்கு. கிடைத்தவையோ அந்நியரைக் கண்டால் ஒதுங்கும், புதிய பொருளைக் கண்டால் வெருளும் நாய்கள். பார்வையற்றோருக்கு வழிகாட்ட இவை உதவும் என ஆரம்பத்தில் நம்பப்பட்டது. ஓநாய் இரத்தம் கூடக்கூட அத்தகுதியும் போயிற்று. சார்லோஸ் 1969இல் காலமானார். 1975இல் அவ்வினம் அவர் பெயராலேயே அந்நாட்டில் அங்கீகாரம் பெற்றது.

இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது? காட்டில் ஓநாயைக் காப்பது அதன் அச்சமே. நாய்க்குட்டி நான்கு வார அளவில், கண்ணும் காதும் திறந்த பின்னரே, சுற்றிலும் ஆராயத் தொடங்குகின்றது. ஓநாய்க்குட்டியோ இரண்டு வாரத்திலேயே, கண் தெரியாமல் காது கேளாமல், புறப்பட்டுவிடுகின்றது. பின்னர் முதன்முதலாகக் கேட்கும் ஒலியும் காணும் காட்சியும் அதனைத் திடுக்கிட வைக்கின்றன. எனவே மனிதரோடு பழகிக்கொள்ள அதற்குக் கிடைக்கும் காலம் மிகச் சொற்பம்.

அப்படியானால் ஆபத்தில்லையா என வாசகர் கேட்கலாம். உண்டு. மூலையில் சிக்கிய பயந்த பிராணி கடிக்கும். ஓடும் ஆட்டுக்குட்டியையும் அலறி ஓடும் சிறு பிள்ளையையும் கண்டால் வேட்டையுணர்வு கிளரலாம். "இத்தனை வீதம் ஓநாய்" என்று விற்பவர் சொல்லும் கணக்கை வைத்துக் குணத்தை அளக்க முடியாது. ஒரே ஈற்றுக் குட்டிகளே வேறுபடும். முதல் வருடம் கொஞ்சி விளையாடியது, பருவமடையும் இரண்டு வயதளவில் மாறக்கூடும்.

அடித்து அடக்கி "நானே தலைவன்" எனக் காட்ட வேண்டும் என்பாரும் உளர். அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து ருடோல்ப் ஷென்கல் 1947இல் எழுதியதிலிருந்து வளர்ந்த கருத்து இது. காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் கொண்ட குடும்பமே என்பதை டேவிட் மெக் 1999இல் விளக்கினார். அடி, அஞ்சும் பிராணியை மேலும் அஞ்சவே வைக்கும்.

வளர்ப்பவருக்கு ஏறத்தாழ எட்டு அடி வேலி தேவை. தோண்டி வெளியேறாதபடி கம்பிவலை நிலத்தினுள்ளும் இறங்க வேண்டும். நாள் முழுதும் தனியே விட இயலாது. பிரித்தானியாவில் முதலிரு தலைமுறைக் கலப்பினங்களை வளர்க்க, 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேண்டும்.

ஐக்கிய அமெரிக்காவில் நிலைமை இன்னும் கடினம். விசர்நோய்த் தடுப்பூசி எதுவும் அங்கு இக்கலப்பினத்துக்கென அனுமதிக்கப்படவில்லை. சாதாரண நாய் கடித்தால் பத்து நாள் அடைத்துவைத்துக் கவனிப்பர். இது கடித்தாலோ, நோயற்றதாகத் தோன்றினும், கொன்று மூளையைப் பரிசோதிக்க உத்தரவிடப்படலாம்.