காரோ-கான்: கறுப்பின் கெட்டியான அரண்

சதுரங்கத்தில் வெள்ளை தன் ராஜாவின் முன்னால் நிற்கும் சிப்பாயை இ4-க்குத் தள்ளி ஆட்டத்தைத் தொடங்கும்போது, கறுப்பு தரக்கூடிய மிக உறுதியான பதில்களில் ஒன்று காரோ-கான் தற்காப்பு. பெர்லினில் வாழ்ந்த ஹொரேஷியோ காரோ, வியன்னாவின் மார்கஸ் கான் இருவரும் 1886-இல் இதை ஆராய்ந்து வெளியிட்டதால் இந்தப் பெயர்.

கறுப்பு முதலில் சி6-க்குச் சிப்பாயை ஒரே கட்டம் நகர்த்தும். வெள்ளை டி4 ஆடியதும் டி5 வைத்து மையத்தை எதிர்க்கும். வெள்ளை அதை வெட்டினால், சி6 சிப்பாய் திருப்பி வெட்டி அந்த இடத்தில் நிற்கும்.

பிரெஞ்சுத் தற்காப்பிலும் டி5 வரும். ஆனால் அதற்கு முன்பே ஆடிய இ6, ராணிப் பக்கத்து பிஷப்பின் வழியை அடைத்துவிடும். காரோ-கானில் அந்த வழி திறந்தே இருக்கும். இதன் உயிர்நாடியே அதுதான். வெள்ளை சி3-க்குக் குதிரையைக் கொண்டுவந்தால், கறுப்பு இ4 சிப்பாயை வெட்டும். குதிரை அங்கே வந்து திருப்பி வெட்டியதும் பிஷப் எஃப்5-க்கு வந்து அதைத் தாக்கும். குதிரை ஜி3-க்குப் போய் பிஷப்பைத் துரத்தும். பிஷப் ஜி6-க்கு ஒதுங்கும். வெள்ளை எச்4 தள்ளினால், கறுப்பு எச்6 ஆடி பிஷப் பின்வாங்க இடம் செய்துகொள்ளும். இ6-க்கு அதன் பிறகுதான் முறை. புதியவர்கள் அவசரப்பட்டு இ6-ஐ முந்தி ஆடினால், காரோ-கான் ஆடுவதன் பயனே போய்விடும்.

இதற்கு விலையும் உண்டு. குதிரை இயல்பாக வந்து அமரும் சி6-இல் சிப்பாய் நிற்கிறது. அதே சிப்பாயைப் பின்னர் சி5-க்குத் தள்ள இன்னொரு நகர்த்தல் செலவாகும். ஆனாலும் சிப்பாய்களின் அமைப்பில் ஓட்டை விழுவதில்லை. இறுதியாட்டம் வரை அந்த உறுதி கைகொடுக்கும். 1958-இல் ஸ்மிஸ்லவிடமிருந்து உலகப் பட்டத்தை மீட்ட போட்வின்னிக், அந்தப் போட்டியின் முதல் ஆட்டத்தையே கறுப்புக் காய்களோடு காரோ-கான் ஆடித்தான் வென்றார். இன்னொரு உலகச் சாம்பியனான கார்ப்பவும் இதை நெடுங்காலம் நம்பி ஆடினார்.

உறுதியான ஆட்டம்தானே என்று அசந்துவிட முடியாது. பிஷப்புக்குப் பதில் குதிரையை டி7-இல் வைக்கும் வகையில், வெள்ளை ராணியை இ2-க்கு நகர்த்தினால் உஷாராக வேண்டும். வழக்கம்போல் கறுப்பு மற்றக் குதிரையை எஃப்6-க்குக் கொண்டுவந்தால், வெள்ளைக் குதிரை டி6-இல் இறங்கி ஆறாவது நகர்த்தலிலேயே செக்மேட். இ7 சிப்பாய் அதை வெட்ட முடியாது. அது நகர்ந்தால் இ2-இல் நிற்கும் ராணியின் பாதை நேரே ராஜாவுக்குத் திறந்துவிடும்.

1997 மே 11 அன்று நியூயார்க்கில் டீப் ப்ளூ கணினிக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் அப்போதைய உலகச் சாம்பியன் காஸ்பரவ் ஆடியதும் இதே டி7 வகைதான். ஏழாவது நகர்த்தலில் எச்6 ஆடி, ஜி5-இல் நின்ற குதிரையை விரட்டப் பார்த்தார். கணினி அந்தக் குதிரையை இ6-இல் பலி கொடுத்து அவருடைய ராஜாவின் காவலை உடைத்தது. 19 நகர்த்தல்களில் காஸ்பரவ் தோல்வியை ஒப்புக்கொண்டார்.