கார் வீட்டுக்குக் கரண்ட் குடுக்குமா? வாங்க முதல் கேட்க வேண்டியவை



இந்த வார எபிசோட்டில் மின்சாரக் கார்கள் வீட்டுக்கும் கிரிட்டுக்கும் கரண்ட் குடுக்கிறதைப் பற்றிக் கதைத்தோம். வேகமாகக் கடந்துபோன விஷயங்களை இங்கே கொஞ்சம் ஆறுதலாகப் பார்ப்பம். கணக்குகள் எல்லாம் மெல்பேர்ண் கணக்கு. வேறு நாட்டில் இருந்தால் விலையும் விதியும் மாறும். கேட்க வேண்டிய கேள்விகள் அப்படியேதான்.

ஏன் இப்ப?

விக்டோரியாவில் 2009இல் தொடங்கிய சோலார் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு, கிரிட்டுக்கு அனுப்பிய ஒவ்வொரு யூனிட்டுக்கும் 60 சதம் கிடைத்தது. அந்தத் திட்டம் 2024இல் முடிந்துவிட்டது. 2025-26க்கு அரசு நிர்ணயித்த ஆகக் குறைந்த விலை 0.04 சதம். அதாவது ஒரு சதத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்கு! பகலில் சும்மா குடுத்த அந்த யூனிட்டை இரவு ஏழு மணிக்குத் திரும்ப வாங்கப் போனால் முப்பது சதம் அளவில் கட்ட வேணும்.

அதனால் பகல் வெயிலைச் சேமித்து வைக்கத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். சுவரில் மாட்டும் டெஸ்லா பவர்வோல் 13.5 யூனிட் பிடிக்கும். வாசலில் நிற்கும் ஒரு சாதாரண மின்சாரக் காரில் 60 யூனிட் இருக்கும். விக்டோரியாவில் விலைக் கணக்குக்கு ஒரு வீட்டின் பாவனை ஆண்டுக்கு 4,000 யூனிட் என்று வைத்துக்கொள்கிறார்கள். நாளுக்குப் பதினொன்று. காரில் பாதியை எடுத்தாலே இரண்டரை நாளுக்கு மேல் ஓடும்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் டீலர் "இருவழி" எண்டு சொல்லும்போது அது மூன்று வெவ்வேறு விஷயங்களில் எதுவாகவும் இருக்கலாம்.

ஒன்று: வி-டூ-எல்

காரில் ஒரு பிளக் பொயின்ற். அவ்வளவுதான். ஹியுண்டாய் ஐயோனிக் 5, கியா ஈவி6 போன்றவை இங்கே 3.6 கிலோவாட் வரை குடுக்கும். ஃபிரிட்ஜ், வைஃபை, லைட், ரைஸ் குக்கர் எல்லாம் ஒன்றாக ஓடும். கூடவே கேத்திலையும் ஹீட்டரையும் போட்டால் தாங்காது.

இது எங்கட ஆட்களுக்குப் புதிசு இல்லை. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத வருஷங்களில், சைக்கிளை நிறுத்தி வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். அப்பா அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். ஓடுகிற வண்டியிலிருந்து வீட்டுக்குக் கரண்ட் எடுக்கிற யோசனை அதுதான்.

ஒரு எச்சரிக்கை: காரிலிருந்து வரும் எக்ஸ்டென்ஷன் வயரில் சாமான்களை நேரடியாகக் குத்துங்கள். இரண்டு முனையிலும் ஆண் பிளக் வைத்த வயர் செய்து வீட்டுச் சுவரில் குத்தி, முழு வீட்டையும் ஓட்டலாம் எண்டு ஆராவது சொன்னால், தயவுசெய்து வேண்டாம். அந்தக் கரண்ட் வெளியே வீதி லைனுக்குப் போகும். லைன் செத்துவிட்டது என்று நம்பி அங்கே வேலை செய்யிறவரின் உயிர் போகலாம்.

இரண்டு: வி-டூ-எச்

கார் முழு வீட்டுக்கும் கரண்ட் குடுப்பது. இதற்குக் கார் மட்டும் போதாது. இருவழி சார்ஜர் வேணும். கரண்ட் நின்றால் வீட்டைக் கிரிட்டிலிருந்து பிரித்துவிடும் ஒரு சுவிட்சும் வேணும். ஜப்பானில் 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு, 2012இலேயே நிசான் லீஃப் காருக்கு இந்த வசதி வந்துவிட்டது.

மூன்று: வி-டூ-ஜி

கார் கிரிட்டுக்கே கரண்ட் விற்பது. 2024 பெப்ரவரி 13 ஞாபகம் இருக்கா? புயலில் மின்கோபுரங்கள் விழுந்து, விக்டோரியாவில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் கரண்ட் போன நாள். அதே நாள் கன்பராவில் ஒரு ஆராய்ச்சித் திட்டத்துக்காகச் சார்ஜரில் நின்ற 16 நிசான் லீஃப் கார்கள், கிரிட்டின் தடுமாற்றத்தை உணர்ந்து தாங்களாகவே 107 கிலோவாட் வரை திருப்பிக் குடுத்தன. ஒருத்தரும் பட்டன் அமத்தவில்லை.

பலருக்கு விளங்காத இடம் இது: வி-டூ-ஜி இருந்தால் கரண்ட் போகும்போது வீடு ஓடும் என்று அர்த்தமில்லை. கரண்ட் போனதும் கூரைச் சோலார் நின்றுவிடுகிற அதே பாதுகாப்புக் காரணத்துக்காக இதுவும் நிற்கும். இருட்டில் வீடு ஓட வேணும் என்றால் மேலே சொன்ன பிரிக்கும் சுவிட்ச் கட்டாயம்.

காரில் பார்க்க வேண்டியது

லீஃப் வழி காட்டிய வண்டிதான். ஆனால் பழைய லீஃபின் சாடெமோ சொக்கெற் இப்போது இங்கே அருகி வருகிறது. புதிய கார்கள் அநேகமாக சிசிஎஸ். அதில் இருவழிக்கான ஐ.எஸ்.ஓ. 15118-20 என்ற தரநிலை 2022இல்தான் வெளியானது. அதனால் "இருவழிக்குத் தயார்" என்ற கார், நீங்கள் வாங்கப்போகும் சார்ஜருடன் உண்மையில் பேசுமா என்பது தனிக் கேள்வி. அவுஸ்திரேலியாவின் நிறுவல் விதிகளே 2024இல்தான் இதற்கு இடம் குடுத்துத் திருத்தப்பட்டன.

உங்கட நாள் எப்படிப் போகுது?

ப்ரோஷரை விட இதுதான் முக்கியம். விக்டோரியாவில் நேரத்துக்கேற்ற கட்டணத்தில் விலை கூடிய நேரம் பின்னேரம் மூன்று முதல் இரவு ஒன்பது வரை. காலை ஏழுக்குக் கார் வேலைக்குப் போய் ஆறுக்குத் திரும்பினால், உங்கட சோலார் வெயிலை அது பிடிக்கவே போவதில்லை. வீட்டிலிருந்து வேலை செய்யிறவர், ரிட்டயர் ஆன பெற்றோர், நைட் ஷிஃப்ட் தாதி என்றால் கணக்கே வேறு.

இன்னொன்று: உள்ளே போய் வெளியே வரும்போது பத்தில் ஒன்று அல்லது அதற்கும் மேல் வழியில் வீணாகும். இருவழி சார்ஜரின் விலையும் சாதாரண சார்ஜரைவிடப் பல மடங்கு. 2025 ஜூலை முதல் வீட்டுப் பற்றரிக்கு மத்திய அரசு சுமார் 30 சதவீதம் கழிவு குடுக்கிறது. பல வீடுகளுக்கு அதுவே நல்ல வழியாக இருக்கும்.

கையெழுத்துப் போட முதல்

1. இந்தக் கார் செய்வது மூன்றில் எது? இன்று செய்யுமா, "அப்டேட்டில் வரும்" என்பதா? வரப்போவதற்குக் காசு குடுக்காதீர்கள்.
2. எந்தச் சார்ஜர் மொடலுடன் வேலை செய்யும்? பெயரைக் கேளுங்கள்.
3. வீட்டுக்கோ கிரிட்டுக்கோ கரண்ட் குடுத்தால் பற்றரி வாரண்டி நிற்குமா? வாய்ப் பேச்சு வேண்டாம், எழுத்தில் கேளுங்கள்.
4. உங்கள் பகுதி மின்விநியோகக் கம்பனி அனுமதி தருமா? எவ்வளவு ஏற்றுமதிக்கு?
5. பற்றரி எவ்வளவுக்குக் கீழே போகக்கூடாது என்பதை யார் தீர்மானிப்பது, நீங்களா கம்பனியா? இரவு இரண்டு மணிக்கு அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டி வந்தால் காரில் சார்ஜ் இருக்க வேணும்.

எங்கட அபிப்பிராயம்: இன்றைக்குக் கார் வாங்குகிறவர்களுக்கு வி-டூ-எல் இருந்தால் போதும், கரண்ட் போகிற நாளுக்கு அது கை குடுக்கும். கார் பகலில் வீட்டில் நிற்கிறது, கூரையில் சோலார் இருக்கிறது, முதல் நாலு கேள்விக்கும் எழுத்தில் பதில் வந்திருக்கிறது, ஐந்தாவதில் தீர்மானம் உங்கட கையில் என்றால் மட்டும் மேலே போங்கள்.

வீட்டில் கார் வாங்கும் கதை போய்க்கொண்டிருந்தால் இதை அப்பா அம்மாவுக்கும் அனுப்பி விடுங்கள். அடுத்த எபிசோட்டில் சந்திப்பம்.