ஒன்பது மணி நேரத் தொலைவு

1867-இல் ஒட்டோமான் பேரரசு வெளிநாட்டாருக்கு நிலம் வாங்கும் உரிமையைக் கொடுத்தது. கூடவே ஓர் உடன்படிக்கையும் வந்தது. அதன்படி, அவர் நாட்டுத் தூதரக அதிகாரியான கான்சலோ அவருடைய ஆளோ உடன் இல்லாமல் வெளிநாட்டுக்காரர் வீட்டுக்குள் போலீஸ் நுழையக் கூடாது. கான்சல் இருக்கும் இடம் ஒன்பது மணி நேரப் பயணத்துக்கு மேல் என்றால் விலக்கு உண்டு. அப்போதும் கொலை, தீவைப்பு போன்ற அவசர வழக்காக இருக்க வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேர் உடன் வர வேண்டும்.

தோற்ற நாட்டின் தலையில் கட்டிய நிபந்தனை என்றுதான் தோன்றும். இதன் வேரோ, 16-ஆம் நூற்றாண்டில், பலத்தோடு இருந்த சுல்தான்கள் வணிகம் பெருகட்டும் என்று வெளிநாட்டு வணிகர்களுக்குத் தாமாகக் கொடுத்த சலுகை. சுல்தான் மாறினால் புதுப்பிக்க வேண்டும் என்ற பிடி, 1740-இல் பிரான்சுடன் செய்த ஒப்பந்தத்தோடு கைநழுவியது.

அதன் பிறகு இந்தச் சலுகையில் இருந்த ஓட்டை பெரிதாயிற்று. கான்சலின் துபாஷிக்குக் கிடைத்த பாதுகாப்புப் பத்திரத்தை, மொழிபெயர்ப்பு வேலையே பார்க்காத உள்ளூர் வணிகர்களும் காசு கொடுத்து வாங்கினார்கள். சுல்தானின் குடிகளே சுல்தானின் வரிக்கும் நீதிமன்றத்துக்கும் பாதி வெளியே நின்றார்கள். 1863-இல் விதி போட்டும், 1869-இல் குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தும் அரசு இதை மட்டுப்படுத்தப் பார்த்தது.

கான்சல்கள் எல்லோரும் சதிகாரர்கள் என்று சொல்லிவிட முடியாது. டமாஸ்கஸில் பிரிட்டிஷ் கான்சலாக இருந்த ரிச்சர்ட் பர்ட்டன், பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்த வட்டிக்காரர்களுக்காகக் கிராமத்தாரிடம் கடன் வசூலித்துத் தர மறுத்தார். புகார் லண்டனுக்குப் போனது. ஆளுநர் ரஷீத் பாஷாவுக்கும் அவரைப் பிடிக்கவில்லை. 1871-இல் பர்ட்டனின் பதவி போயிற்று. நல்ல கான்சல் வந்தால் பிழைக்கலாம் என்று இருப்பதே ஆபத்தான ஏற்பாடு.

லெபனான் மலைப்பகுதியில் நிலைமை இன்னும் மோசம். அங்கே 1860-இல் நடந்த மதக் கலவரப் படுகொலைகளைத் தொடர்ந்து பிரெஞ்சுப் படை பெய்ரூட்டில் இறங்கியது. மறு ஆண்டு வகுத்த சட்டப்படி, அங்கே ஆளுநரை நியமிக்க ஐரோப்பிய வல்லரசுகளின் சம்மதம் வேண்டும். அப்படி வந்த ஆளுநர் இஸ்தான்புல்லை மட்டும் பார்த்து ஆட்சி நடத்துவாரா?

உலகப் போர் மூண்டதும், 1914 செப்டம்பரில் பேரரசு வெளிநாட்டாருக்கான இந்தச் சலுகைகளை ஒருதலையாக ரத்து செய்தது. நட்பு நாடான ஜெர்மனி உட்பட எல்லா வல்லரசுகளும் எதிர்த்தன. அவை ஒழிந்ததை 1923-இல் லோசான் ஒப்பந்தத்தில் ஐரோப்பா ஏற்றபோது, கொடுத்த பேரரசே இல்லை.