கடலடியில் ஒரு கெட்டிமேளம்

நாகர்கோவில் வாசகர் ஒருவர் தனக்கு வாட்ஸ்அப்பில் வந்த காணொளியை எனக்குத் தள்ளிவிட்டிருக்கிறார். மணலில் ஒதுங்கிக் கிடக்கும் திமிங்கிலம், பின்னணியில் சோக இசை, கீழே 'கடலில் காற்றாலை வந்தால் இதுதான் கதி' என்று கொட்டை எழுத்து. "நம் கடலுக்கும் காற்றாலை வருகிறதாமே, இது நிஜமா?" என்று கேட்கிறார். முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்தே வளர்ந்தவர் கேட்கிறார், பதில் சொல்லத்தான் வேண்டும்.

காட்சி அமெரிக்காவின் நியூ ஜெர்சிக் கரை. 2022-23 குளிர்காலத்தில் அங்கே கூனல் திமிங்கிலங்கள் அடுத்தடுத்து இறந்து ஒதுங்கின. பழி காற்றாலை மேல் விழுந்தது. வேடிக்கை என்னவென்றால், அப்போது நியூ ஜெர்சிக் கடலில் ஒரு காற்றாலைகூட நடப்படவில்லை. கடலடியை அளவெடுக்கும் கப்பல்கள்தான் சுற்றிக்கொண்டிருந்தன. அந்த அளவெடுப்புக்கும் சாவுக்கும் தொடர்பு காட்டும் ஆதாரம் இல்லை என்றது அமெரிக்க அரசின் கடல் அறிவியல் அமைப்பான நோவா. 2016 முதல் அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையோரம் முழுக்க இறந்த கூனல் திமிங்கிலங்களில், அறுத்துப் பார்க்கப்பட்டவற்றில் ஏறத்தாழ 40 சதவீதம் கப்பலில் அடிபட்டவை அல்லது வலைக்கயிற்றில் சிக்கியவை.

ஆக, காணொளி பொய். அதற்காக, 'எங்களால் கடலுக்கு ஒரு கெடுதலும் இல்லை' என்று பளபளக்கும் விளம்பரக் கையேட்டை நீட்டும் கம்பெனியை நம்பிவிட வேண்டியதில்லை. இரண்டு தரப்பையும் விட நம்பகமான சாட்சி ஒன்று ஐரோப்பாவின் வடகடலில் இருக்கிறது. அதற்கு வாய் ஓயாது.

ஒன்றரை மீட்டர் நீளம், 50, 60 கிலோ எடை, ஓங்கில்போல மூக்கு நீளாத மொக்கை முகம். நாம் கடற்பன்றி என்கிறோம். 'போர்பாய்ஸ்' என்ற ஆங்கிலப் பெயரைக் கிளறினாலும் பழைய பிரெஞ்சில் 'பன்றிமீன்' என்றே வருகிறது. யாரைப் பார்த்து யார் காப்பியடித்தார்களோ! குளிர்ந்த நீரில் வாழும் சிறிய உடம்பு, சூடு காக்க ஓயாமல் தின்றாக வேண்டும். டென்மார்க்கில் இவற்றின் முதுகில் ஒலிப்பதிவுக் கருவி ஒட்டிப் பார்த்து 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு கடற்பன்றி மணிக்கு 550 குட்டிமீன்வரை துரத்துகிறது. பத்தில் ஒன்பதுக்கு மேல் பிடித்தும்விடுகிறது.

எப்படிப் பிடிக்கிறது என்பதுதான் எனக்குச் சலிக்காத விஷயம். வௌவாலைப்போல எதிரொலி கேட்டு வேட்டையாடுகிறது என்பது பள்ளிப் பாடம், விட்டுவிடுவோம். கவனிக்க வேண்டியது தாளத்தை. கடற்பன்றியின் ஒவ்வொரு சொடுக்கொலியும் ஒரு நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் நீடிக்கும். சுருதியோ ஏறத்தாழ 1,30,000 ஹெர்ட்ஸ், நம் காது எட்டும் எல்லையைப் போல் ஆறு மடங்குக்கு மேல். சும்மா தேடிக்கொண்டு போகும்போது நொடிக்கு இருபது முப்பது சொடுக்கு. மீன் தட்டுப்பட்டதும் இடைவெளி குறைகிறது. நெருங்க நெருங்க இன்னும் குறைகிறது. வாய்க்கெட்டும் தூரத்தில் நொடிக்கு 300, 400 என்று சொடுக்குகள் ஒன்றோடொன்று இழைந்து ரீங்காரமாகிவிடுகின்றன.

கல்யாண மண்டபத்தில் தவில் என்ன செய்கிறதோ அதேதான். சடங்குகள் நடக்கும்போது நிதானமாகப் போகும் வாசிப்பு, மாங்கல்யம் கைக்கு வந்ததும் இறுகுகிறது. ஐயர் விரலை ஆட்ட, கெட்டிமேளம். வாசலில் செருப்புக்குக் காவல் நிற்பவர் உள்ளே எதையும் பார்க்கவில்லை. ஆனாலும் தாலி ஏறிவிட்டது என்று அவருக்குத் தெரியும்.

அந்தச் செருப்புக் காவலர்தான் 'சி-பாட்'. இங்கிலாந்தின் கார்ன்வாலில் நிக் ட்ரெகென்சா உருவாக்கிய கருவி. கை நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய். ஒரு முனையில் நீர்க்காது. வயிற்றில் பழைய டார்ச் லைட்டுக்குப் போடுவோமே, அந்தக் கட்டை பேட்டரி பத்து. ஒரு மெமரி கார்டு. நங்கூரம் கட்டி இறக்கிவிட்டால் மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கும். ஒலியை அது சேமிப்பதில்லை. எத்தனை மணிக்கு, என்ன சுருதியில், எவ்வளவு நேரம் என்று கணக்குப்பிள்ளைபோலக் குறித்துவைக்கும், அவ்வளவுதான். உருளும் மணலும் சொடுக்கும், படகின் ஆழமானியும் சொடுக்கும். மணலுக்குத் தாளம் கிடையாது. ஆழமானிக்கு ஒரே தாளம்தான். முடுக்கிக்கொண்டே போய்க் கெட்டிமேளத்தில் முடிந்தால் அங்கே ஒரு வாய் மீனைத் தேடியிருக்கிறது.

உவமையை இன்னும் கொஞ்சம் இழுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தவில்காரர் சுவரைப் பார்த்து வாசித்தால் வாசலுக்குக் கேட்காது: கடற்பன்றியின் ஒலி டார்ச் வெளிச்சம்போலக் குறுகலாக முன்னோக்கி மட்டுமே பாயும். தெருமுனைக்கும் கேட்காது: அவ்வளவு உயர்ந்த சுருதியைக் கடல்நீர் விழுங்கிவிடுவதால், சில நூறு மீட்டருக்கு அப்பால் கருவிக்கு ஒன்றும் எட்டாது. பத்து கெட்டிமேளம் கேட்டால் பத்துக் கல்யாணமா, ஒரே மாப்பிள்ளை பத்து முறை தாலி கட்டினாரா என்று காவலருக்குத் தெரியாது. ஒன்றுமே கேட்காவிட்டால் மண்டபம் காலியா, எல்லாரும் பந்தியில் வாய்மூடி உட்கார்ந்திருக்கிறார்களா? (பந்தியில் வாய்மூடி எப்படிச் சாப்பிடுவது என்று கேட்காதீர்கள், உவமை அதற்குமேல் தாங்காது.)

இப்போது காற்றாலைக்கு வருவோம். டென்மார்க்கின் மேற்குக் கரைக்கு அப்பால் 2008இல் 'ஹார்ன்ஸ் ரெவ் 2' காற்றாலைகளுக்கு பைலிங் நடந்தது. மெட்ரோ வேலையில் சென்னை கேட்ட சத்தமெல்லாம் இதற்குமுன் கொசு. கிட்டத்தட்ட நான்கு மீட்டர் விட்டமுள்ள எஃகுக் குழாயைச் சம்மட்டி எந்திரம் அடித்து அடித்துக் கடலடியில் இறக்குகிறது. சி-பாட்டின் முன்னோடியான டி-பாட்கள் பல தொலைவுகளில் காத்திருந்தன. அடித்து முடித்த முதல் ஒரு மணி நேரம், அருகில் ஒரு சொடுக்கும் இல்லை. 2.6 கிலோமீட்டரில் பழைய நிலை திரும்ப ஒன்று முதல் மூன்று நாள் ஆனது. ஏறத்தாழ 18 கிலோமீட்டர்வரை பாதிப்பு தெரிந்தது. 22 கிலோமீட்டரிலோ வழக்கத்தைவிட அதிகச் சொடுக்கு. ஓடியவை அங்கே போயின என்றே நான் படிக்கிறேன்.

ஆகவே பைலிங் விரட்டுகிறது. இதில் இழுபறி இல்லை. அதனால்தான் ஜெர்மனி, 750 மீட்டர் தொலைவில் ஓர் அடியின் சத்தம் 160 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறது. (நீரின் டெசிபலுக்கு அளவுகோல் வேறு, உடனே ஜெட் விமானத்தோடு ஒப்பிடும் செய்திகளைத் தாண்டிப் போங்கள்.) அங்கே பைலைச் சுற்றிக் கடலடியில் ஓட்டைக் குழாயைப் போட்டுக் காற்றடித்து, குமிழ்களால் திரை கட்டிச் சத்தத்தைக் குறைக்கிறார்கள். இன்னொரு ஏற்பாடு எனக்குச் சிரிப்பை வரவழைக்கும்: அடிக்கும் முன் விலங்குகளை விலக்க, சீல்களை மிரட்டும் ஒலிக்கருவியைப் போட்டுவந்தார்கள். அதுவே கடற்பன்றியைப் பல கிலோமீட்டர் துரத்திவிட்டது.

கட்டி முடித்த பிறகு? நெதர்லாந்தின் எக்மாண்ட் காற்றாலைப் பகுதிக்குள், வெளியே இருப்பதைவிட அதிகச் சொடுக்கு கேட்டது. டென்மார்க்கின் நிஸ்டெட்டில், ஆண்டுகள் கழிந்தும் பழைய அளவு திரும்பவில்லை. கம்பெனிக் கையேட்டில் முதலாவது இருக்கும். எதிர்ப்புத் துண்டறிக்கையில் இரண்டாவது. இரண்டும் உண்மை, இரண்டும் வேறு வேறு கடல்.

   

'திமிங்கிலத்தைக் காக்கும் செயற்கை நுண்ணறிவு' என்ற தலைப்பை மாதம் ஒருமுறை பார்க்கிறேன். லட்சக்கணக்கான சொடுக்குகளைப் பிரித்து அடுக்க கணினி வேண்டும், சரி. ஆனால் கேட்காத ஒலிக்கு அதனிடமும் பதில் இல்லை. பதில் வேண்டுமானால், முதல் பைல் இறங்கும் முன்பே நிறையக் கருவிகளை நிறைய நாள் இறக்கி வைத்திருக்க வேண்டும். பால்டிக் கடலில் 2011 முதல் 2013 வரை சுமார் 300 சி-பாட்களை இறக்கிக் கேட்டார்கள். அங்கே மிஞ்சியிருப்பவை ஏறக்குறைய 500 கடற்பன்றிகள்தான் என்று தெரிந்தது. காட்லாந்து தீவுக்குத் தெற்கே, யாரும் எதிர்பாராத மணல்மேடுகளில், அவை கோடையில் கூடுவதும் தெரிந்தது. அப்படி ஓர் அடிப்படைக் கணக்கு இருந்தால்தான் பின்னால் வரும் மௌனத்துக்குப் பொருள் உண்டு.

நாகர்கோவில் நண்பருக்கு: குஜராத்துக்கு 500 மெகாவாட், தமிழ்நாட்டுக்கு 500 மெகாவாட் கடல் காற்றாலைக்கு நிதி தர 2024 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புக்கொண்டது. யாராவது ஐரோப்பாவிலிருந்து சி-பாட் கொண்டுவந்து நம் கடலில் இறக்கினால், துடுப்பில்லா முதுகுள்ள நம் கடற்பன்றியை அது கேட்கும். அதுவும் அதே உயர்ந்த சுருதிக்காரன். ஆனால் 'ஆவுளியா (கடற்பசு) இங்கே இல்லை' என்று அந்தக் கருவியை வைத்து யாரேனும் அறிக்கை எழுதினால் திருப்பி அனுப்புங்கள். சி-பாட்டின் காது 20,000 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது. ஆவுளியா கீச்சிடுவது அதற்குக் கீழே.