கல்லீரலுக்கு நாற்று நட முடியுமா?



மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சந்தா வசூல் முடிந்து கடன் மனுக்களைப் படிக்க ஆரம்பித்தார்கள். ஒரு அக்காவின் மனுவில் 80,000 ரூபாய் கேட்டிருந்தது. காரணம்: மருத்துவச் செலவு. என்ன செலவு என்று ஊக்குநர் கேட்டதும், அக்கா ஒரு நோட்டீஸை எடுத்து நீட்டினார். "அறுவை சிகிச்சை வேண்டாம், ஈரல் தானம் வேண்டாம். ஊசி மூலம் புதிய செல்கள். கெட்டுப்போன கல்லீரல் மீண்டும் வளரும்" என்று அதில் அச்சடித்திருந்தது.

அவர் வீட்டுக்காரருக்குக் குடியால் கல்லீரல் சுருங்கி வயிற்றில் நீர் கோத்திருக்கிறது. ஒரு ஊசிக்கு 80,000 ரூபாய், மொத்தம் நாலு ஊசி என்று சொல்லியிருக்கிறார்கள். அக்கா எங்களைப் பார்த்துக் கேட்டார்: "செல்லு போட்டா ஈரல் வளருமாமே, நெசந்தானா?"

எங்களுக்குப் பதில் தெரியவில்லை. மனுவை ஒரு வாரம் நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டு, மருத்துவர்களிடம் விசாரித்தோம், தேடிப் படித்தோம். தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

கல்லீரல் என்ன வேலை செய்கிறது?

வலது பக்க விலா எலும்புக்குக் கீழே இருப்பதுதான் கல்லீரல். பெரியவர்களுக்கு ஒன்றேகால், ஒன்றரை கிலோ எடை இருக்கும். சாப்பாட்டில் இருந்து வரும் சத்தைச் சேமித்து வைப்பது, பித்த நீர் சுரப்பது, ரத்தத்தில் சேரும் நஞ்சை முறிப்பது, காயம் பட்டால் ரத்தம் உறையத் தேவையான பொருளைச் செய்வது எல்லாம் இதன் வேலை. ஒரு வீட்டில் சமையல், சுத்தம், வரவு செலவு எல்லாவற்றையும் ஒரே பெண் பார்ப்பதில்லையா, அது மாதிரிதான். அவள் படுத்துவிட்டால் வீடே நின்றுபோகும்.

இந்த வேலைகளைச் செய்வது கல்லீரலில் இருக்கும் செல்கள், அதாவது கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உயிரணுக்கள். ஒரு கல்லீரலில் பத்தாயிரம் கோடிக்கும் மேல் இருக்கின்றன. வெட்டினால் மறுபடி வளரும் குணம் கல்லீரலுக்கு உண்டு. நல்ல ஈரலில் பாதிக்கு மேல் எடுத்தாலும், மீதி இருப்பது சில வாரம், சில மாதத்தில் ஏறக்குறைய பழைய அளவுக்கு வளர்ந்துவிடும். நோட்டீஸ்காரர் பிடித்துக்கொண்டது இந்த உண்மையைத்தான்.

மாற்று அறுவை எப்படி வந்தது?

1963ல் அமெரிக்காவின் டென்வர் நகரில் டாக்டர் தாமஸ் ஸ்டார்சல் முதன்முதலில் மனிதருக்குக் கல்லீரலை மாற்றி வைத்தார். அந்த நோயாளி பிழைக்கவில்லை. 1967ல் தான் அவர் செய்த அறுவையில் ஒரு குழந்தை ஓராண்டுக்கு மேல் உயிரோடு இருந்தது. நம் நாட்டில் முதல் வெற்றி 1998ல் டெல்லியில் கிடைத்தது. அந்தக் குழந்தை நம்ம காஞ்சிபுரத்துப் பிள்ளை. பித்தக் குழாய் இல்லாமல் பிறந்த அவனுக்கு அப்பா தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தார். அந்தப் பிள்ளை இப்போது டாக்டராகிவிட்டார்.

ஈரல் தேவைப்படுவோர் அதிகம், கிடைப்பது குறைவு. அறுவையும் பெரியது, செலவும் பெரியது. அதனால்தான், முழு ஈரலுக்குப் பதிலாகச் செல்களை மட்டும் கொடுத்தால் என்ன என்று விஞ்ஞானிகள் யோசித்தார்கள்.

செல் மாற்று என்றால் என்ன?

இதை நாற்று நடவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். தானமாக வந்து, முழுதாகப் பொருத்த முடியாமல் போன ஈரலில் ஒரு நொதியைச் செலுத்திச் செல்களைத் தனித்தனியாகப் பிரிக்கிறார்கள். பிறகு அவற்றை நோயாளியின் ஈரலுக்குப் போகும் ரத்தக் குழாயில் செலுத்துகிறார்கள். அங்கே போய் ஒட்டிக்கொண்ட செல்கள் வேலை செய்ய ஆரம்பிக்கும்.

1998ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று இது நடக்கும் என்று காட்டியது. பத்து வயதுச் சிறுமி ஒருத்தி. பிறவியிலேயே அவள் ஈரலில் ஒரு நொதி இல்லை. உடம்பில் மஞ்சள் ஏறி மூளையைப் பாதிக்காமல் இருக்க, தினமும் பல மணி நேரம் நீல விளக்கின் கீழ் படுத்தே இருக்க வேண்டும். அவளுக்கு 750 கோடி செல்களைச் செலுத்தினார்கள். ரத்தத்தில் மஞ்சள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. விளக்கின் கீழ் படுக்கும் நேரமும் குறைந்தது. ஆனாலும் அது போதவில்லை. சில ஆண்டு கழித்து அவளுக்கும் ஈரல் மாற்று அறுவை செய்ய வேண்டி வந்தது.

லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் இன்னொரு வழியைச் செய்தார்கள். கடற்பாசியில் இருந்து எடுக்கும் பசையில் ஈரல் செல்களைப் பொதிந்து, ஜவ்வரிசி போலச் சின்ன உருண்டைகளாக்கி, குழந்தையின் வயிற்றுக்குள் விட்டார்கள். திடீரென்று ஈரல் செயலிழந்த குழந்தைகளுக்கு, சொந்த ஈரல் தேறும்வரை இந்த உருண்டைகள் வேலையைப் பார்க்கும். 2020ல் வெளியான அறிக்கையின்படி 8 குழந்தைகளில் 4 பேருக்கு மாற்று அறுவை இல்லாமலே ஈரல் தேறியது.

அதே 2020ல் ஜப்பானில் இருந்தும் ஒரு செய்தி வந்தது. பிறந்து ஆறே நாளான குழந்தைக்கு, ஸ்டெம் செல்லில் இருந்து வளர்த்த 19 கோடி ஈரல் செல்களைக் கொடுத்தார்கள். ரத்தத்தில் நஞ்சு ஏறாமல் குழந்தை தாக்குப்பிடித்தது. கொஞ்சம் வளர்ந்ததும் அப்பாவின் ஈரல் பகுதியைப் பொருத்தினார்கள்.

இந்த மூன்றிலும் ஒன்றைக் கவனித்தீர்களா? செல்கள் ஒரு பாலமாகத்தான் உதவியிருக்கின்றன. ஆற்றைக் கடக்க உதவின, அக்கரையில் வீடு கட்டித் தரவில்லை.

சுருங்கிய ஈரலில் ஏன் பிடிக்காது?

அந்தக் குழந்தைகளின் ஈரல் நிலம் மாதிரி மெத்தென்று இருந்தது. குறை செல்லில்தான். பல ஆண்டு குடியாலும், மஞ்சள் காமாலைக் கிருமியாலும், கொழுப்பு படிந்தும் கெட்ட ஈரல் அப்படி இல்லை. உள்ளே தழும்பு மேல் தழும்பு விழுந்து இறுகிப்போகிறது. ரத்தம் போகும் வழியே அடைபடுகிறது. உவர் ஏறி இறுகிய நிலத்தில் எத்தனை கட்டு நாற்று நட்டாலும் வேர் பிடிக்குமா? புதுச் செல்லின் கதியும் அதுதான்.

அதனால் வேறு இடத்தில் நாற்று விடவும் முயல்கிறார்கள். அக்குளிலும் தொடை இடுக்கிலும் நெறி கட்டுமே, அது போன்ற நிணநீர் முடிச்சுகள் வயிற்றுக்குள்ளும் உண்டு. ஈரலுக்குப் பக்கத்தில் உள்ள அந்த முடிச்சில் செல்களைச் செலுத்தும் சோதனை, அமெரிக்காவின் ஹூஸ்டனில் 2024ல் முதல் நோயாளிக்குத் தொடங்கியது. இது ஆராய்ச்சி. கடையில் விற்கிற மருந்து இல்லை.

நோட்டீஸைப் பார்த்தால் என்ன கேட்க வேண்டும்?

நம் நாட்டில் இதற்கு விதி உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, ஸ்டெம் செல் சிகிச்சை ரத்தம் சார்ந்த சில நோய்களுக்கு மட்டுமே ஏற்கப்பட்டது. மற்றவற்றுக்கு அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே செய்யலாம். யாராவது "செல் ஊசி" என்று வந்தால் இந்த மூன்றையும் கேளுங்கள்.

1. இது அனுமதி பெற்ற ஆய்வா? இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு எண் என்ன?
2. நல்லது, கெட்டது இரண்டையும் தமிழில் எழுதிய ஒப்புதல் படிவம் எங்கே?
3. பணம் எதற்கு? ஆய்வில் சேருகிறவரிடம் சிகிச்சைக்குப் பணம் வாங்கக் கூடாது.

எண் இல்லை, படிவம் இல்லை, பணம் மட்டும் உண்டு என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்படியானால் வழியே இல்லையா?

இருக்கிறது. குடியை அடியோடு நிறுத்தினால் சிலருக்குச் சில மாதத்தில் ஈரல் தேறி, மாற்று அறுவையே தேவைப்படாமல் போகும். மஞ்சள் காமாலை 'சி' கிருமி இருந்தால் மாத்திரையிலேயே குணமாகும். 2018ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இதற்கு இலவச சிகிச்சை உண்டு. 'பி' கிருமிக்குத் தடுப்பூசி இருக்கிறது. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட வேண்டும். மாற்று அறுவைதான் வழி என்றால் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் செய்கிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் இது சேர்ந்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். எலி பேஸ்ட் வாயில் பட்டால் முதல் ஓரிரு நாள் ஒன்றும் இல்லாதது போலத்தான் தெரியும். அதற்குப் பிறகுதான் ஈரல் செயலிழக்கும். "நல்லாத்தான இருக்கான்" என்று காத்திருக்காமல் உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

ஈரல் கொடுப்பது யார்?

இது நமக்குள் பேச வேண்டிய விஷயம். நம் நாட்டில் உயிரோடு இருந்து உறுப்பு கொடுப்பவர்களில் பெண்களே அதிகம். பெறுகிறவர்களில் ஆண்களே அதிகம். அன்போடு கொடுப்பது பெரிய காரியம்தான். ஆனால் அதுவும் பெரிய அறுவை. பல வாரம் கூலி வேலை, பளு தூக்குவது கூடாது. அபூர்வமாக உயிருக்கே ஆபத்தும் உண்டு. 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி உங்கள் சொந்த விருப்பம் இல்லாமல் யாரும் எடுக்க முடியாது. மாமியார் சொன்னார், ஊர் என்ன சொல்லும் என்பதெல்லாம் சம்மதம் ஆகாது. டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு.

அந்த அக்கா என்ன செய்தார்?

அடுத்த வாரக் கூட்டத்தில் இதையெல்லாம் எடுத்துச் சொன்னோம். அக்கா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "அப்ப அந்த ஆளு என்கிட்ட பொய்தான சொல்லியிருக்கான்" என்றார். மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பஸ் செலவுக்கும் சோதனைக்கும் 3,000 ரூபாய் மட்டும் உள்கடன் கேட்டார். அன்றே கொடுத்தோம். வீட்டுக்காரர் இப்போது அரசு மருத்துவமனைக்குப் போய்வருகிறார். குடியை விட்டு இரண்டு மாதம் ஆகிறது. ஈரல் எவ்வளவு தேறும் என்று பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர். ஆனால் அக்காவின் தோடும் மூன்று லட்சமும் தப்பித்தன.

இந்தக் கட்டுரையை அடுத்த கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேளுங்கள். உங்கள் ஊரில் இப்படி நோட்டீஸ் வந்திருந்தால் கூட்டமைப்பு அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். கடன் வாங்கும் முன் ஒரு கேள்வி கேட்போம்.